பொறி விழாத சிக்கிமுக்கித் துப்பாக்கி: அறிகுறி பார்த்துக் கல்லைச் சரிசெய்யும் வழிமுறை

புதுச்சேரியிலும் கடலூரிலும் உரிமத்தோடு சிக்கிமுக்கித் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: கல் தேய்ந்துவிட்டது, புதுக் கல் எங்கே கிடைக்கும்? துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்த்தால், பலவற்றில் கல் இன்னும் நெடுநாள் உழைக்கும் நிலையிலேயே இருக்கிறது. குறை எண்ணெயிலோ, கல் உட்கார்ந்திருக்கும் கோணத்திலோ, அதைச் சுற்றியுள்ள தோலிலோ இருக்கிறது. ஆகவே கல்லைத் தட்டிக் கூராக்கும் வேலை இந்த வழிமுறையில் முதலில் வராது. ஒருமுறை தட்டினால் கல்லின் நீளம் குறைகிறது, குறைந்த நீளம் திரும்புவதில்லை. நல்ல கல் இங்கிலாந்தின் பிராண்டன் பகுதிக் கறுப்புச் சிக்கிமுக்கிக் கல்லாகவோ பிரான்சின் மேன் ஊர்ப் பக்கத்துத் தேன்நிறக் கல்லாகவோ கடல் கடந்து வரவேண்டியிருக்கையில், அதை வீணாகச் சில்லாக்குவதில் பொருளில்லை.

கல்லைக் கவ்விக்கொண்டு முன்னால் பாயும் பகுதியைக் குதிரை என்றும், அதன் மேல்கீழ் பிடிகளைத் தாடைகள் என்றும், கல் உரசும் நிமிர்ந்த இரும்பை எஃகுத் தகடு என்றும், அதன் அடியில் பற்றுமருந்து இடும் பள்ளத்தைக் கிண்ணம் என்றும், அங்கிருந்து குழலுக்குள் செல்லும் துளையைப் பற்றுவாய் என்றும், குதிரையும் எஃகுத் தகடும் அமைந்த இயக்கப் பகுதி முழுவதையும் பூட்டு என்றும் எழுதுகிறேன். பொறி கல்லிலிருந்து வருவதில்லை. கல் சீவி எடுக்கும் எஃகுத் துகள்தான் காற்றில் எரிகிறது. கீழே சொல்லும் எல்லாச் சோதனைகளுக்கும் இந்த ஒரு செய்தி போதும்.

கை வைப்பதற்கு முன்

பரம்பரையாக வந்த துப்பாக்கியில் பாட்டன் காலத்து மருந்து இன்னும் கெட்டித்த நிலையில் இருக்கக்கூடும். கரிமருந்து ஈரம் படாமல் இருந்தால் எத்தனை ஆண்டு கழித்தும் பற்றும். மருந்தைத் திணிக்கும் திணிகோலைக் குழலுக்குள் அடிவரை மெதுவாக இறக்கி, வாயளவில் விரலால் பிடித்து, வெளியே எடுத்துக் குழலின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோலின் முனை பற்றுவாய் இருக்கும் இடத்துக்கு வந்தால் குழல் காலி. இரண்டு மூன்று விரற்கடை முன்னதாகவே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. அதை நீங்கள் குடைய வேண்டாம், சுட்டுத் தீர்க்கவும் வேண்டாம், உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் ஒப்படையுங்கள்.

கண்ணாடி அணிவது கட்டாயம். சிக்கிமுக்கிச் சில்லு சவர அலகுக்கு நிகரான கூர்மை உடையது, கண்ணை நோக்கித்தான் பறக்கும். கல்தூள் நுரையீரலில் தங்கிச் சிலிக்கோசிஸ் நோயை உண்டாக்கும் வகையைச் சேர்ந்தது. ஆகவே அறைக்குள் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து இதைச் செய்யாதீர்கள், திறந்தவெளியில் என்95 முகக்கவசத்தோடு செய்யுங்கள், அரம் போடுவதானால் தண்ணீர் விட்டே போடுங்கள். தாடையில் கல் இல்லாமல் விசையை இழுத்துக் குதிரையை வெறுமனே பாயவிடுவதும் கூடாது. அந்த அடி முழுவதையும் குதிரையின் கழுத்தும் பூட்டுத் தகடும் வாங்குகின்றன. விசையை மட்டும் பழக வேண்டுமானால் கல்லின் அளவுக்கு ஒரு மரத்துண்டைச் சீவித் தாடையில் வையுங்கள்.

அறிகுறி: பொறியே விழவில்லை

*எஃகுத் தகட்டில் எண்ணெய் இருக்கிறதா?* நம் ஊரில் இதுவே முதல் காரணம். உப்புக் காற்றுக்கு அஞ்சி, ஐப்பசி மழை தொடங்குமுன் துப்பாக்கி முழுவதற்கும் எண்ணெய் தடவி வைத்துவிடுகிறோம். தகட்டின் முகத்திலும் கல்லின் விளிம்பிலும் அது படிந்தால் சீவல் பொறியாகாமல் மசியாகிறது. நல்லெண்ணெய் தடவியிருந்தால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் அதுபோன்ற தாவர எண்ணெய் நாளடைவில் பிசினாக இறுகிவிடும். பிரெஞ்சுக் குடியிருப்புத் தெரு வீடொன்றிலிருந்து வந்த கைத்துப்பாக்கி ஒன்றின் தகட்டை நகத்தால் சுரண்டியபோது, பழுப்பு நிறத்தில் அரக்குபோல ஒரு படலம் சுருண்டு வந்தது. அதன் கீழே எஃகு புதிதுபோல் இருந்தது. கல்லிலும் ஒரு குறையும் இல்லை. பழந்துணியில் அசிட்டோனோ ஸ்பிரிட்டோ நனைத்துத் தகட்டின் முகத்தையும் கல்லின் இரு பக்கங்களையும் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். மற்ற உறுப்புகளுக்குத் தையல் இயந்திர எண்ணெய் போதும். தகட்டின் முகத்துக்கு ஒரு சொட்டும் கூடாது.

*கல் தகட்டைத் தொடுகிறதா?* தகட்டின் முகத்தில் கறுப்பு மார்க்கரால் பூசி, குதிரையைப் பின்னிழுத்து ஒருமுறை பாயவிடுங்கள். பூச்சில் விழும் கீறலைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கீறல் தகட்டின் மேல் மூன்றில் ஒரு பங்கில் தொடங்கி, ஏறக்குறைய முழு அகலத்துக்கும், அடிவரை தடையில்லாமல் இறங்க வேண்டும். ஒரு மூலையில் மட்டும் கோடு விழுந்தால் கல் கோணலாக இருக்கிறது. தாடைத் திருகைத் தளர்த்தி, விளிம்பைத் தகட்டுக்கு இணையாகத் திருப்பி இறுக்குங்கள். கோடே இல்லையென்றால் கல் குட்டையாகிவிட்டது, அல்லது பின்னால் நகர்ந்துவிட்டது. குதிரையைப் பாதி ஏற்றத்தில், அதாவது பாதி மட்டும் பின்னிழுத்த நிலையில், நிறுத்திப் பார்த்தால், விளிம்புக்கும் தகட்டுக்கும் இடையில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் கல்லின் முதுகுக்குப் பின்னால் ஒரு தோல் துண்டையோ மூங்கில் சிம்பையோ வைத்து முன்னே தள்ளுங்கள். இதற்குக் காசு செலவில்லை, கல்லும் குறைவதில்லை.

*கல்தானா அது?* செம்மண் மேட்டில் பொறுக்கிய வெள்ளை வெங்கச்சங்கல்லைத் தாடையில் வைத்துக் கொண்டுவருபவர்கள் உண்டு. இரண்டு வெங்கச்சங்கற்களை இருட்டில் உரசினால் ஒளி தெரியும் என்பது உண்மை, ஆனால் அந்தக் கல் எஃகைச் சரியாகச் சீவாது. அதன் விளிம்பு உப்புக்கட்டிபோலப் பொலபொலவென்று உதிரும். நுண்ணிய மணியுடைய, உடைத்தால் சிப்பிபோல் வளைந்து பெயரும் கல்லே வேண்டும். குஜராத்தின் காம்பத்தில் அறுக்கப்படும் அகேட் கல் நம் நாட்டிலேயே கிடைக்கும் மாற்று. அரிக்கமேட்டில் மணி செய்தவர்கள் சில்லெடுத்ததும் அகேட் இனக் கற்களைத்தான். அதற்காக அரிக்கமேட்டிலோ திருவக்கரைக் கல்மரப் பூங்காவிலோ எதையும் பொறுக்கி வராதீர்கள். இரண்டும் பாதுகாக்கப்பட்ட இடங்கள்.

அறிகுறி: பொறி விழுகிறது, ஆனால் குறைவாகவும் மங்கிய சிவப்பாகவும் இருக்கிறது

நல்ல பொறி வெண்மஞ்சளாக இருக்கும், கிண்ணத்தில் விழுந்த பிறகும் ஒரு கணம் சீறும். சிவந்து, விழுமுன்பே அணையும் பொறி என்றால் கல் சீவவில்லை, தேய்க்கிறது. மேலே சொன்ன துடைப்பும் கோணமும் சரியாக இருந்தும் இப்படியென்றால் மட்டுமே கல்லைக் கூராக்கும் கட்டத்துக்கு வாருங்கள்.

*முதலில் புரட்டிப் பாருங்கள்.* கல்லின் ஒரு பக்கம் தட்டை, மற்றொரு பக்கம் விளிம்பை நோக்கிச் சரிவு. சரிவு மேலே இருந்தால் விளிம்பு தாழ்ந்து தகட்டின் கீழ்ப்பகுதியில் அடிக்கும். சரிவைக் கீழே வைத்தால் விளிம்பு உயர்ந்து மேலே அடிக்கும். எந்தப் பூட்டுக்கு எது பொருந்தும் என்பதை மார்க்கர் கீறலே சொல்லிவிடும். ஒருபக்கமாகத் தேய்ந்த கல் புரட்டியதும் புதுக் கல்லாக வேலை செய்வதை அடிக்கடி பார்க்கிறேன். பின்பக்கத்திலும் விளிம்பு உள்ள கல்லானால் முன்பின் மாற்றியும் வைக்கலாம்.

*கழற்றாமல் கூராக்குதல்.* இது அவசரத்துக்கான முறை. பெரிய படைத் துப்பாக்கிகளின் தடித்த குதிரைக்குத் தாங்கும், மெல்லிய கழுத்துள்ள கைத்துப்பாக்கிக்குத் தாங்காது. தகட்டை முன்னால் திறந்து, குதிரையை முழுவதும் கீழிறக்கி, கிண்ணத்தின் மேல் துணியைப் போட்டுக்கொள்ளுங்கள். பென்சில் கனமுள்ள பித்தளைக் கம்பியால் விளிம்பின் மேல்பக்கத்தில், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, மிளகளவு சில்லு மட்டும் கீழ்ப்பக்கமாகப் பெயரும்படி சிறு சிறு தட்டுகளாகத் தட்டுங்கள். கணீரென்ற மெல்லிய ஓசையோடு சில்லு பெயர்ந்தால் அடி சரி. தொப்பென்று மந்தமாகக் கேட்டால் அடி கல்லின் உடலில் விழுகிறது, அல்லது கல் தாடையில் ஆடுகிறது, நிறுத்திவிடுங்கள். இரும்புச் சுத்தியலை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது.

*கழற்றிக் கூராக்குதல்.* நான் பரிந்துரைப்பது இதைத்தான். கருவி எளிது: எலக்ட்ரிகல் கடையில் எர்த்துக்கு விற்கும் 8ஆம் எண் செம்புக் கம்பி, ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் தடிமன், அதில் ஒரு சாண் வெட்டி, மரக் கைப்பிடியில் அறைந்து, முனையை அரத்தால் மழுங்கிய கூம்பாக்கிக்கொள்ளுங்கள். செம்பு மென்மையானது என்பதால் கல்லின் விளிம்பு அதில் கடித்து நிற்கும், வழுக்காது.

இடது உள்ளங்கையில் தடித்த தோலை மடித்து வைத்து, தட்டைப் பக்கம் மேலே இருக்க, விளிம்பு தோலுக்கு வெளியே சற்று நீட்டியிருக்கும்படி கல்லைப் பிடியுங்கள். சொரசொரப்பான கல்லொன்றால் விளிம்பை முதலில் இலேசாக உரசிவிட வேண்டும். இருக்கும் கூரையும் கெடுப்பதுபோல இது தோன்றும். ஆனால் கண்ணாடிபோல் மெலிந்த விளிம்பில் செம்பை வைத்து அழுத்தினால் அது நொறுங்குமே தவிரச் சில்லாகப் பெயராது, உரசிய விளிம்புதான் அழுத்தத்தைத் தாங்கிக் கல்லுக்குள் அனுப்பும். இப்போது செம்பு முனையை விளிம்பின்மேல் ஊன்றி, முதலில் கல்லின் உட்புறம் நோக்கி அழுத்தி, அந்த அழுத்தத்தை விடாமலே சற்றுக் கீழ்நோக்கிச் சாயுங்கள். சரிவுப் பக்கத்திலிருந்து ஒரு நீண்ட சில்லு டிக்கென்று தோலில் விழும். அது விட்டுச்சென்ற பள்ளங்கள் இரண்டுக்கு நடுவே நிற்கும் மேட்டில் அடுத்த முறை முனையை வையுங்கள். இப்படி முழு அகலத்துக்கும் ஒரு வரிசை போனால் போதும். இரண்டாம் வரிசை போடும் ஆசை எல்லோருக்கும் வரும், அடக்கிக்கொள்ளுங்கள். தாடையில் மாட்டிச் சோதித்துப் போதாதென்றால் பிறகு போடலாம்.

நல்ல விளிம்பு தாளை அறுக்கும், நகத்தின்மேல் வைத்து இழுத்தால் வழுக்காமல் சுரண்டும். விரலின் சதையில் சோதிக்காதீர்கள்.

*அறுத்த அகேட் கல்லானால்* இந்த முறை சரியாக வராது. அறுத்த தட்டை முகத்தில் சில்லு ஓடுவதற்கு வழிகாட்டும் மேடு இல்லை. வைரத்துகள் பூசிய அரத்தைத் தண்ணீரில் நனைத்துச் சரிவுப் பக்கத்தை மட்டும் தேயுங்கள். பொறி சில்லெடுத்த விளிம்பின் அளவுக்கு வராது, ஆனால் ஒரே சீராக வரும்.

அறிகுறி: கூராக்கிய பிறகு விளிம்பு படிக்கட்டுபோல் நிற்கிறது

சில்லுகள் நீளமாக ஓடாமல் பாதியில் முறிந்து, விளிம்புக்குச் சற்று மேலே ஒரு திட்டு எழும்பியிருக்கும். உள்நோக்கி அழுத்தாமல் கீழ்நோக்கி மட்டும் நெம்பினால் இப்படி ஆகும். அந்தத் திட்டின்மேலேயே மறுபடி மறுபடி தட்டினால் திட்டு வளருமே தவிர நீங்காது. கல்லைப் புரட்டி, எதிர்ப்பக்கத்திலிருந்து அழுத்தி, திட்டுக்கு அடியில் ஓடும்படி ஒரு நீண்ட சில்லை எடுத்துப் பாருங்கள். போனால் திட்டும் சேர்ந்தே போகும். போகவில்லையென்றால் அந்தக் கல்லின் முன்விளிம்பு முடிந்தது, பின்விளிம்பைப் பயன்படுத்துங்கள். தாடைக்குள் கல்லின் பாதி நீளமாவது பிடிபட வேண்டும். அதற்கும் குறைந்த கல்லை எவ்வளவு கூராக்கினாலும் பயனில்லை.

அறிகுறி: பொறி நிறைய வருகிறது, கிண்ணத்தில் விழவில்லை

குதிரை முழுவதும் இறங்கி நிற்கையில், கல்லின் விளிம்பு கிண்ணத்தின் நடுவை நோக்கியிருக்க வேண்டும். முன்னால் எறிந்தாற்போல் பொறி போனால் கல் உயரமாக இருக்கிறது. புரட்டுங்கள், அல்லது கீழ்த்தாடைத் தோலை மெல்லியதாக மாற்றுங்கள். கீறல் பாதியில் நின்றுவிட்டால் தகடு முன்கூட்டியே திறந்துவிடுகிறது: அதன் அடியிலுள்ள சிறு ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. ஸ்பிரிங்கை வீட்டில் வளைத்துப் பார்க்க வேண்டாம், ஒடியும். இது பழுதுபார்ப்பவரின் வேலை.

கிண்ணத்தில் மருந்து பற்றியும் வெடி கேட்கவில்லையென்றால் அது பற்றுவாய் அடைப்பு. கல்லுக்கும் அதற்கும் தொடர்பில்லை. உள்ளே மருந்து இருக்கும்போதே அதைக் குடையாதீர்கள்.

அறிகுறி: கல் அடிக்கடி உடைகிறது

மாட்டிய சில சுடுதலிலேயே விளிம்பு துண்டு துண்டாகப் பெயர்ந்தால், பெரும்பாலும் கல் தகட்டைச் சீவாமல் நேராக முட்டுகிறது. ஏறக்குறைய 60 பாகைச் சாய்வில் விளிம்பு தகட்டைச் சந்திக்க வேண்டும். மார்க்கர் பூச்சில் கீறலின் தலைப்பில் ஒரு குழி தெரிந்தால் முட்டல் உறுதி. கல் மிக நீளமாக இருப்பது முதல் காரணம், பின்னால் வைத்த சிம்பை எடுத்துவிடுங்கள். அடுத்து, கல்லின் ஒரு மூலை குழலைத் தொடுகிறதா என்று பாதி ஏற்றத்திலும் இறங்கிய நிலையிலும் பாருங்கள். கல்லின் அகலம் தகட்டின் அகலத்துக்குச் சற்றுக் குறைவாகவே இருக்க வேண்டும். இவை இரண்டும் சரியென்றால், தகட்டின் ஸ்பிரிங் மிகக் கடினமாக இருப்பதோ, குதிரையின் ஸ்பிரிங்கோடு அது பொருந்தாததோ மிஞ்சுகிறது. பழைய பூட்டில் பின்னாளில் யாரோ வேறு ஸ்பிரிங் மாட்டியிருந்தால் இப்படி நேரும். அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அறிகுறி: கல் தாடையில் ஆடுகிறது, திரும்பிக்கொள்கிறது

திருகை இன்னும் இறுக்குவது விடையல்ல. பழந்திருகின் மரை உருண்டுவிடும். தோலை மாற்றுங்கள். ரெக்சின் உதவாது. செருப்புத் தைப்பவரிடம் கிடைக்கும் பதனிட்ட மாட்டுத்தோல், ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் கனம், கல்லை மேலும் கீழும் சுற்றி, மடிப்பு பின்னால் வரும்படி, திருகுக்கு ஒரு துளையோடு வெட்டினால் போதும். புதுத்தோல் அமுங்கும், ஆகவே இரண்டு மூன்று பாய்ச்சலுக்குப் பிறகு மறுபடி ஒரு சுற்று இறுக்குங்கள். பெரிய துப்பாக்கிக்கு ஈயத் தகடு இன்னும் நன்றாகப் பிடிக்கும். மீன்வலைக் கடையில் வாங்கும் ஈயக்குண்டை மரக்கட்டையின்மேல் வைத்துத் தட்டினால் தகடாகும், தட்டியபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கைத்துப்பாக்கிக்கு ஈயம் வேண்டாம், சிறிய குதிரைக்கு அந்தக் கனம் சுமை.

அறிகுறி: கூரிய கல், சரியான கோணம், சுத்தமான தகடு, ஆனாலும் பொறி இல்லை

இனிக் குற்றம் எஃகில். கல் படாத கீழோரத்தில் சிறு அரத்தின் மூலையை இலேசாக இழுத்துப் பாருங்கள். அரம் வழுக்கினால் எஃகு கடினமாகவே இருக்கிறது. கடித்துச் சீவினால் மென்மையாகிவிட்டது. பழைய தகடுகளில் மேல்படலம் மட்டுமே கடினமாக்கப்பட்டிருக்கும், பல தலைமுறை உரசலில் அது தேய்ந்து அடியிலுள்ள மென்னிரும்பு வெளிப்படும். முகத்தில் குறுக்கே ஆழமான வரிப்பள்ளங்கள் இருப்பதும், புதுக் கல்லும் சிவந்த பொறியே தருவதும் இதே குறையின் அடையாளங்கள். இதற்கு மாறாக, கீழோரத்தில் அரம் வழுக்க, கல் மட்டும் நொறுங்கி எஃகில் கீறலே விழாவிட்டால் தகடு அளவுக்கு மீறிக் கடினமாக இருக்கிறது என்று கொள்ளலாம்.

இந்த இரண்டுக்கும் வீட்டில் செய்யக்கூடியது எதுவுமில்லை. காஸ் அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் ஆயிற்று என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி முக்கிய தகடு விரிசல் விட்டு வருவதுதான் வழக்கம். மறுபடி கடினமாக்குவதா, முகத்தில் புது எஃகுப் பட்டை பதிப்பதா, தகட்டையே மாற்றுவதா என்பதைத் துப்பாக்கியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும், செலவும் இதே வரிசையில் கூடும். அருங்காட்சியகத் தரமுள்ள பழம்பொருளானால் முதல் இரண்டையும்கூடச் செய்யாமல், பொறி இல்லாமலே வைத்திருப்பது நல்லது என்பது என் கருத்து. தகட்டை மாற்றிய நாளோடு அதன் பழைமை பாதி போய்விடும்.

கொண்டுபோகும் இடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், துப்பாக்கி விற்பதற்கு மட்டுமின்றிப் பழுதுபார்ப்பதற்கும் உரிமம் கேட்கிறது. லேத் பட்டறைக்காரர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் அவரிடம் தராதீர்கள். உரிமம் உள்ளவரிடம் போகும்போது உங்கள் உரிமப் புத்தகத்தோடு, பழைய கல்லையும் தோலையும் கழற்றாமல் அப்படியே எடுத்துச் செல்லுங்கள், மார்க்கர் பூச்சையும் அழிக்காதீர்கள்.